தொட்டியடிப் பச்சை

தபால் நிலையத்தில் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். பார்சல் கவுண்டரில் இருபத்தாறு வருஷம். பொட்டலத்தைக் கையில் வாங்கும்போதே எடையைச் சொல்லிவிடுவாள். போன வருஷம் புது மின் தராசு வந்தபோது, அதைப் பொருத்த வந்தவர் எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கவுண்டரில் ஸ்டாம்பு விற்பவளுக்குப் பொறுக்கவில்லை. "எதுக்கு சார் கல்லெல்லாம்? எங்க அக்கா கையில கொடுங்க. மெஷின் சரியா இருக்கான்னு அவங்க சொல்லிடுவாங்க."

அப்பேர்ப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை எடையில் ஏமாந்தாள். அதுவும் கட்டின புருஷன் கண்ணெதிரே. ஆயுசு முழுக்க அவர் அதைச் சொல்லிக்காட்டினார். ஆயுசு முடிந்த பிறகும் விடவில்லை.

அவர் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலையில் இருந்தவர். கல்யாணமான புதிதில் அவள் கம்பளி நூல் வாங்கிவந்து ஸ்வெட்டர் பின்னுவதைப் பார்த்துவிட்டு, "இது என்ன கலர்? காய்ச்சல்காரன் நாக்கு மாதிரி" என்றார். அடுத்த வாரமே வெள்ளைக் கம்பளி நூல் வாங்கி, துணி துவைக்கும் அறையில் அடுப்பு வைத்து, எவர்சில்வர் அண்டாவில் வினிகர் ஊற்றிச் சாயம் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார். இடது கைக்காரர். காய்ச்சும்போது இடது கைச் சட்டையை மட்டும் தோள்வரை சுருட்டிவிட்டுக்கொள்வார். வலது கை பொத்தான் போட்டபடியே இருக்கும், ஆபீசுக்குக் கிளம்பினவர் மாதிரி. கிளறின மரக்கரண்டியை அண்டாவுக்கு இடப்பக்கம் வைப்பார். அடுப்பை அணைத்த பிறகு யாரும் மூடியைத் திறக்கக்கூடாது. தானாக ஆற வேண்டும்.

நிறங்களுக்குப் பெயரும் அவரே வைப்பார். கருஞ்சிவப்பில் ஊதா கலந்தால் 'மேனேஜர் முகம்'. பழுப்புக்கு 'ஆறின டீ'. இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு வெளிர்மஞ்சளுக்கு 'மாமியார் மெச்சின மருமகள்'. செங்காவிக்கு வெறும் 'துரு'.

எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது 'தொட்டியடி'. தண்ணீர்த்தொட்டியின் மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு பச்சை அசையாமல் நம்மையே பார்க்குமே, அந்தப் பச்சை. ஒரே ஒரு தடவைதான் அது வந்தது. அதில் அவருக்கு ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தாள்.

"நூல் இன்னும் காயலை, தராசு. அப்புறம் எடை போடு."

"எடையைப் பத்தி எனக்கே சொல்லித்தர்றீங்களா? நீங்க கலரைப் பாருங்க."

ஈரத்தோடு எடைபோட்டாள். போதும் என்று சொல்லியது தராசு. கழுத்திலிருந்து ஆரம்பித்து, உடம்பு முடித்து, வலது கை முடித்து, இடது கையின் மணிக்கட்டுக்கு வந்தபோது நூல் தீர்ந்துபோனது. ஆறு கிராம் குறைவு. அந்த ஆறு கிராமும் தண்ணீர். கடைசி நாலு வரிசையைத் துரு நிறத்தில் பின்னி முடிக்க வேண்டியதாயிற்று. அதே பொடி, அதே அண்டா, அதே தண்ணீர் என்று அவர் மறுபடி காய்ச்சிப் பார்த்தார். ஐம்பது கிராம் நூற்சிட்டம் ஒன்று வந்தது. பச்சைதான், ஆனால் அந்தப் பச்சை இல்லை. கொஞ்சம் கூடுதல் கருப்பு. அதை அலமாரியில் போட்டுவிட்டு, துருப்பட்டி தெரிகிற மாதிரி இடது கையை நீட்டி நீட்டிப் பதினாறு வருஷம் அந்த ஸ்வெட்டரைப் போட்டார். யாராவது கேட்டால், "தராசே ஏமாந்துபோன இடம்ங்க இது" என்பார்.

பத்து மாதத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில், காலையில் அவள் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சொன்னார். "குளிருதுடி. அந்தப் பச்சையை எடுத்துட்டு வா."

முந்தின நாள்தான் அதைத் துவைத்துத் துண்டின்மேல் விரித்துவிட்டு வந்திருந்தாள். "கையெல்லாம் இன்னும் ஈரமா இருக்கும். ஈரத்தைப் போட்டா சளி பிடிக்கும். காயட்டும், சாயங்காலம் கொண்டுவரேன்."

சாயங்காலம்வரை அவர் இல்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ஸ்வெட்டரைத்தான் அவருக்குப் போட்டு அனுப்பினாள். வலது கை காய்ந்திருந்தது. இடது கையில் அவர் கையை நுழைக்கும்போது அவள் விரலுக்கு ஈரம் தட்டியது. அப்படியே மண்ணுக்குள் போனார். ஈரத்தோடு எடைபோட்டு முதல் முறை ஏமாந்தவள், ஈரத்துக்குப் பயந்து இரண்டாம் முறை ஏமாந்தாள். ஒன்றே ஒன்றுதான் மிச்ச ஆறுதல்: இனி அவருக்குக் குளிராது.

அதற்குப் பிறகு ஊசியைத் தொடவில்லை. ஒரு ஆளுக்குச் சமைக்கப் பழகினாள், கட்டிலின் நடுவில் படுக்கப் பழகினாள். கர்ப்பமாக இருந்த மகள் தன் ஏழாம் மாதத்தில் போன் செய்யும்வரை அப்படியே ஓடிற்று. வெளியூரில் இருக்கிறாள். ஏற்கெனவே இரண்டு முறை கரு தங்காமல் போனவள்.

"அம்மா, அப்பா சாயம் போட்ட நூல் ஏதாவது இருக்கா?"

"ஐம்பது கிராம் இருக்கு. குல்லா வரும்."

"குல்லா வேண்டாம். சட்டை. பத்தலைன்னா வெள்ளையைச் சேர்த்துக்கோ. ஆனா அப்பா கலர் அதுல இருக்கணும். இருந்தா இது தங்கிடும்னு தோணுது. சிரிக்காதே."

"நான் எங்கடி சிரிச்சேன்?"

சிட்டத்தை உருண்டையாகச் சுற்றி, பிரம்புக்கூடையில் போட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். வேலை விட்டு வந்து தினமும் ஒரு மணி நேரம். கை மறக்கவில்லை. ஐம்பது கிராம் குழந்தையின் நெஞ்சுவரை வரும் என்பது அவள் கணக்கு. நெஞ்சு வந்தது. இந்த வரிசையோடு சரி, நாளைக்கு வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது விரலில் ஒரு முடிச்சு தட்டியது. முடிச்சுக்கு அப்பால் நூல் துரு நிறத்தில் வந்தது.

'மனுஷன் மிச்சம்மீதியை எல்லாம் இதோடு சேர்த்துச் சுத்தி வச்சிருக்கார்' என்று நினைத்தாள். உருண்டையைச் சுற்றியது தானேதான் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில்லை. துரு இரண்டு வரிசைக்குத்தான் காணும். அதற்கப்புறம் மறுபடி பச்சை வந்தது. ஒரு சாயல் வெளுத்த பச்சை. விளக்கைப் போட்டுப் பார்த்தாள். பழைய தொட்டியடி.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். உருண்டை எலுமிச்சம்பழ அளவில் அப்படியே இருந்தது. சமையலறைத் தராசில் வைத்தாள்: இருபத்திரண்டு கிராம். ஒரு சாண் பின்னிவிட்டு வைத்தாள்: இருபத்திரண்டு.

வேலையிடத்தில், பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டுப்பார்த்தாள். ஸ்டாம்புக்காரி சிரித்தாள். "உங்க வீட்டு நூல் அனுமார் வாலா அக்கா? தீராத நூல் கிடைச்சா எனக்கும் ஒரு உருண்டை கொடுங்க. என் வீட்டுக்காரருக்கு வாய்க்கு ஒரு உறை பின்னணும்."

அவளும் சிரித்தாள். ஆனால் விரல் நுனி நாள் முழுக்கச் சில்லென்றே இருந்தது. நூல் ஈரமாக வருகிறது என்பதை அன்று சாயங்காலம்தான் ஒப்புக்கொண்டாள். சொட்டுகிற ஈரமில்லை. துண்டில் விரித்து ஒரு நாள் ஆன கம்பளியில் இருக்குமே, அந்த ஈரம். உருண்டையை வெயிலில் வைத்தாள். மேலே காய்ந்தது. உள்ளேயிருந்து வருவது காயவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதை முதல் நாளே பார்த்துவிட்டாள், பார்க்காத மாதிரி இருந்தாள். புது நூல் நேராக வரும். ஒருமுறை பின்னிப் பிரித்த நூல்தான் கண்ணி கண்ணியாக வளைந்து, சுருட்டை முடி மாதிரி வரும். இது சுருண்டு வந்தது. யாரோ எங்கேயோ பிரித்த நூல்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பால் காய்ச்சி வைத்துவிட்டு, இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று உட்கார்ந்தாள். பின்னாமல் நூலை வெறுமனே இழுத்து இன்னொரு உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தாள். பழையது சிறுத்துக்கொண்டே வந்தது. நெல்லிக்காய், சுண்டைக்காய், மிளகு. மிளகுக்குக் கீழே சிறுக்கவில்லை. அந்த மிளகிலிருந்து நூல் வந்துகொண்டே இருந்தது.

வந்த விதம்தான் அவளை நிறுத்தியது. பின்னலைப் பிரித்தவர்கள் எல்லோருக்கும் அந்த அதிர்வு தெரியும். ஒவ்வொரு கண்ணியும் கழலும்போது விரலில் ஒரு சின்ன 'டுக்'. டுக், டுக், டுக். வரிசை தொடங்குகிற இடத்தில் ஒரு கண்ணியை இறுக்கிப் பின்னுவது அவள் பழக்கம். அந்த இடம் மட்டும் கொஞ்சம் பிடித்து, பிறகு விடும்.

இங்கே பிடித்தது. விட்டது.

எண்ணினாள். ஐம்பத்தாறு டுக். ஒரு பிடி. மறுபடி ஐம்பத்தாறு. பிடி. பாலில் ஆடை கட்டியது. வாசலில் யாரோ சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனார்கள். ஐம்பத்தாறு. பிடி. அடுத்தது ஐம்பத்தெட்டு.

எழுந்துபோய் அலமாரியிலிருந்து பழைய பின்னல் நோட்டை எடுத்தாள். எடுக்கத் தேவையே இல்லை, மனப்பாடம். அவருடைய ஸ்வெட்டர், இடது கை. தோளில் எண்பது கண்ணி. எட்டு வரிசைக்கு ஒருமுறை இரண்டு கண்ணி குறைக்கவும். மணிக்கட்டில் நாற்பத்து நாலு. அதற்குக் கீழே அவள் கையெழுத்திலேயே: 'நூல் இல்லை. நாலு வரிசை துரு.'

கடைசியாகப் பின்னியதுதான் முதலில் பிரியும். துருப்பட்டி போயாயிற்று. மணிக்கட்டு போயாயிற்று. ஐம்பத்தெட்டு என்றால் முழங்கையை நெருங்குகிறது. அவ்வளவு தூரத்துக்கு அவர் கை இப்போது வெறுங்கை.

நூலை விட்டாள். சுட்டது மாதிரி விட்டாள். 'இனிக் குளிராது' என்று எதைச் சொல்லி இந்தப் பத்து மாதமும் தூங்கினாளோ, அதை அவள் கையாலேயே, ஒரு கண்ணி விடாமல் உருவிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதோடு பின்னலை மூட்டைகட்டி வைத்தாள். சட்டையில் ஒரு கை பாக்கி, கழுத்து பாக்கி. வெள்ளை நூல் வாங்கிவந்தாள், தொண்ணூறு கிராம். அதை ஊசியில் ஏற்ற மனசு வரவில்லை. நாலு நாள் போயிற்று. பார்சல் கவுண்டரில் ஒரு பொட்டலத்தை அறுநூறு என்றாள், மெஷின் எழுநூற்று இருபது என்றது. ஸ்டாம்புக்காரி ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்திவைத்தாள்.

ஐந்தாம் நாள் காலை மாப்பிள்ளை கூப்பிட்டார். "அத்தை, ஒண்ணும் பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிப்பவர்தான் பயந்திருப்பார். "டாக்டர் இன்னைக்கே அட்மிட் பண்ணச் சொல்லிட்டாங்க. ஒரு மாசம் முன்னாடியே எடுக்க வேண்டி வரலாமாம். இருங்க, அவ பேசணுங்கறா."

மகளின் குரல் ஆஸ்பத்திரிக் குரலாக இருந்தது. "முடிச்சிட்டியாம்மா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

"எவ்வளவு கொஞ்சம்?"

"ஒரு கை."

"இங்கே ரொம்பக் குளிருதும்மா. ஏசியை எப்படிக் குறைக்கிறதுன்னு யாருக்கும் தெரியலை" என்றாள் மகள்.

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். ஒருவர் அங்கே குளிருகிறது என்கிறார். ஒருவர் இங்கே, சொல்லவும் வாயில்லாமல், முழங்கைவரை வெறுங்கையோடு கிடக்கிறார். இருவருக்கும் ஒரே நூல். செத்தவர் பங்கை எடுத்து உயிரோடு இருப்பவருக்குக் கொடுக்கலாமா? கேட்டுவிட்டுச் செய்யவும் வழியில்லை. கடைசியில், எடுத்ததைத் திருப்பித் தந்துவிடுவது என்று முடிவு செய்தாள். துரு தொடங்குகிற இடம்வரை பிரித்துவிட்டு, மிச்சத்தை வெள்ளையில் போட்டுக்கொள்ளலாம். நெஞ்சுவரைக்கும் அப்பா கலர்தானே, மகள் பொறுத்துக்கொள்வாள்.

சட்டையை உட்புறம் திருப்பி, துருக்கோடு தொடங்கும் இடத்தைக் கட்டைவிரலால் தேடினாள். முடிச்சு தட்டுப்பட்டது.

அன்று போகிற போக்கில் தாண்டிவிட்ட முடிச்சு. இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். கம்பளி பின்னுகிறவள் நூலோடு நூலை எச்சில் தொட்டு உள்ளங்கையில் தேய்த்து ஒட்டவைப்பாளே தவிர முடிச்சுப் போடமாட்டாள். முடிச்சு உடம்பை உறுத்தும். இதற்காக முப்பது வருஷம் அவரோடு சண்டை போட்டிருக்கிறாள். "உன் எச்சில் வித்தையெல்லாம் எனக்கு வராது. முடிச்சுன்னா முடிச்சு" என்று இரட்டையாகப் போட்டு, பல்லால் கடித்து இறுக்குவார். இடது கைக்காரர் போட்ட முடிச்சு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்.

இது இரட்டை முடிச்சு. எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. நுனியில் பல் பட்ட தடம்.

அவள் உருவவில்லை. உருவியது அவர். துருப்பட்டியின் நுனியைத் தேடி எடுத்து, கழற்றி, அவள் உருண்டையின் கடைசி நூலோடு அவரே கட்டி அனுப்பியிருக்கிறார்.

நாற்காலியில் உட்கார்ந்து, சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியாது. "முடிச்சுப் போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது" என்றாள் சத்தமாக. "குழந்தைக்கு உறுத்தாதா?"

கூடைக்குள் உருண்டை, யாரோ நூலைக் கொஞ்சம் தளர்த்திவிட்டது மாதிரி, அரைச் சுற்று உருண்டது.

லீவு சொல்லிவிட்டு அன்று முழுக்கப் பின்னினாள். அறுபத்திரண்டு. எழுபது. எண்ணிக்கை கூடக்கூட, அவர் கை முழங்கையைத் தாண்டி மேலே திறந்துகொண்டே போவது அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. எழுபத்தெட்டு. எண்பது. குழந்தைச் சட்டையின் கழுத்தில் கடைசிக் கண்ணியை அடைத்தபோது, கூடைப்பக்கம் நூல் நின்றுவிட்டது. இழுத்தால் வரவில்லை. தோளோடு சரி. ஒரு முழம் நூல் மட்டும் கூடைக்குள் நீண்டு கிடந்தது. உருண்டை என்று ஒன்று அங்கே இல்லை. நூலின் மறு நுனி பிரம்பின் அடிப்பக்கத்து இடுக்குக்குள் போயிருந்தது. அவள் கூடையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

சட்டையைத் தராசில் வைத்தாள். நூற்று முப்பத்து நாலு. எண்பத்து நாலு கிராம் அவருடையது.

வெள்ளை நூல் தொண்ணூறு இருந்ததே. காய்ந்த நூல். இரண்டு முறை எடைபோட்டுப் பார்த்தாள். எண்பத்து நாலு வாங்கினது, ஆறு அன்றைக்குக் குறைந்தது. நுனியை எடுத்து, கூடையில் கிடந்த பச்சை நுனியோடு சேர்த்து, வாழ்க்கையில் முதல் முறையாக முடிச்சுப் போட்டாள். இரட்டையாக. பல்லால் கடித்து இறுக்கினாள். கூடையைக் கொண்டுபோய்த் துணி துவைக்கும் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

சட்டை ஈரமாகத்தான் இருந்தது. விரித்துக் காயவைக்க அவள் கை போனது. சட்டென்று நிறுத்திக்கொண்டாள். துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிடைத்த பஸ்ஸில் ஏறினாள்.

"ஈரமா இருக்கேம்மா" என்றாள் மகள், சட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து.

"இருக்கட்டும். இங்கேயே காயும். வந்து சேர்ந்துடுச்சுல்ல?"

மகள் அதை வயிற்றின்மேல் விரித்துக்கொண்டாள். நெஞ்சுக்கு மேலே, அப்பாவின் ஒரு கை அளவுக்குப் பழைய பச்சை. அந்தப் பச்சையை அவளுக்கும் தெரியும், சின்ன வயசில் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கியிருக்கிறாள். நெஞ்சுக்குக் குறுக்கே ஓடிய துருக்கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

மறுநாள் காலை குழந்தை பிறந்தது. ஒரு கிலோ எண்ணூறு என்றாள் நர்ஸ். கையில் வாங்கினாள். "ஒன்று எண்ணூற்று இருபது" என்றாள் தராசு. நர்ஸ் மறுபடி எடைபோட்டுவிட்டு, அட்டையில் திருத்தி எழுதினாள். எடை குறைவுதான், ஆனால் வார்டே திரும்பிப் பார்க்கிற அழுகை. தங்கும் என்று டாக்டர் சொன்னார்.

ஒன்பதாம் நாள், மாற்றுத்துணி எடுத்துவர வீட்டுக்கு வந்தாள். நடுப்பகல். கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏறியது. வினிகர்.

துணி துவைக்கும் அறையில் கூடை அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. காலி. தொண்ணூறு கிராமில் ஒரு பிசிறுகூட இல்லை. பத்து மாதமாகக் கவிழ்த்து வைத்திருந்த அண்டா நிமிர்ந்து அடுப்பின்மேல் இருந்தது. மூடி போட்டிருந்தது. அடுப்பில் தீயில்லை. மரக்கரண்டி அண்டாவுக்கு இடப்பக்கம் கிடந்தது. அதன் நுனியிலிருந்து பச்சையாக ஒரு சொட்டு, விழுவதா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

அண்டாவின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். கதகதப்பாக இருந்தது.

கையை எடுக்கச் சற்று நேரம் பிடித்தது. அந்த அறையில் தான் மட்டும் இல்லை என்று முதுகுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நிற்கிற ஒருவருக்குக் குளிரவா செய்யும்? மூடியையும் திறக்கவில்லை. திறந்தால் அவருக்குப் பிடிக்காது.

முக்காலியை இழுத்துப் போட்டு அண்டாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அவசரமில்லை. ஆறட்டும். காயட்டும்" என்றாள். "இந்தத் தடவை நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் எடை போடுவேன்."